படி கட்டலாமா, பால்கனி நீட்டலாமா? கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னே நகராட்சியில் கேளுங்க!

வீடு நம்ம வீடு. காசு நம்ம காசு. சிமெண்டும் கம்பியும் நாம் வாங்கிப் போட்டது. அப்படியிருக்க, நம்ம வாசலில் ரெண்டு படி கட்ட எவரைப் போய்க் கேட்கணும்?

கடையநல்லூரில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீட்டுக்காரர் குறைவு. கேட்டுவிட்டு, நகராட்சி பக்கம் தலை வைக்காமலே கட்டி முடிப்பவர்கள் அதிகம். கட்டுகிற நேரத்தில் யாரும் வந்து தடுப்பதில்லை. கட்டி, பூசி, பெயிண்டு அடித்து, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டு விருந்தும் போட்ட பிறகு ஒரு நாள் காலையில் கதவில் நோட்டீசு ஒட்டியிருக்கும். அப்புறம்தான் கவுன்சிலர் வீட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் ஓட்டம்!

அதிகாரிகள் வராவிட்டாலும் மழை வரும். சண்டை வெடிப்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான்.

"அண்ணாச்சி, உங்க படி வாறுகாலை அடைச்சிட்டு நிக்கி. தண்ணி பூரா எங்க தார்சாவுக்குள்ள வருது."

"என் வாசல்ல நான் படி கட்டுனா உமக்கு என்னவே?"

"வாசல் உம்மது. வாறுகாலும் உம்மதா?"

'உங்க' என்பது 'உம்ம' ஆகி, 'உம்ம' என்பது 'உன்' ஆகும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து பிடித்து விலக்குவார்கள். விலக்க ஆள் இல்லாவிட்டால் விவகாரம் போலீஸ் ஸ்டேஷன் போகும். ஸ்டேஷனில் 'அடிதடி' என்று பதிவாகும் வழக்கைத் தோண்டிப் பார்த்தால், அடியில் ஒரு முழச் சுவரோ, ஒரு 'சன்ஷேடோ' கிடப்பது எந்த ஊரிலும் புதுசு இல்லை.

மூணு பக்கம் வளரும் வீடு

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கடையநல்லூர். 2019-ம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி தென்காசி மாவட்டம் உதயமானபோது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து பிரிந்தது. 2011-ம் ஆண்டு கணக்கெடுப்புப்படி ஜனத்தொகை 90 ஆயிரத்து 364. நெசவு ஊர். பழைய தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவர். முடுக்குகளில் எதிரும் புதிருமாக ரெண்டு சைக்கிள் வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும்.

இந்த ஊர் ஆட்கள் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போனது நேற்று இன்று நடந்த கதை அல்ல. அங்கே 'சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்' தொடங்கியதே 1941-ல்! பிற்பாடு வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். பணம் வந்தது. ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. ஆனால் மனை மட்டும் தாத்தா காலத்தில் இருந்த அதே அளவுதான். பிள்ளைகள் பெருகினார்கள், பாகம் பிரிந்தது, மனை இன்னும் சிறுத்தது.

பக்கவாட்டில் இடம் இல்லை. ஆக, வீடு வளர மூணு வழிதான். மேலே போகலாம். முன்னே வரலாம். அந்தரத்தில் தெருவுக்கு மேலே நீளலாம். முதலாவதற்கு அனுமதி வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மற்ற ரெண்டும் 'சின்ன வேலை' என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபீசு லீவு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்!

படி ஏன் வெளியே வந்தது?

எல்லாப் பழியையும் வீட்டுக்காரர் தலையில் போடுவது நியாயம் இல்லை. படி தெருவுக்கு வந்ததற்கு ஒரு முக்கியமான காரணம், ரோடு.

பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தளம் போடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் தெரு கொஞ்சம் உயருகிறது. தெரு உயர உயர வீடு பள்ளத்தில் இறங்குகிறது. வாசலில் மூணு படி ஏறிப் போன வீட்டுக்குள் பத்து, இருபது வருஷம் கழித்து ஒரு படி இறங்கிப் போகிறோம். மழைத் தண்ணீர் நேராக நடுவீட்டுக்கு வருகிறது. வீட்டுக்காரர் என்ன செய்வார்? மண்ணை அடித்துத் தளத்தை உயர்த்துகிறார். தளம் உயர்ந்தால் வாசல் உயரும். வாசல் உயர்ந்தால் படி கூடும். உள்ளே இடம் இல்லாததால் படி வாறுகாலைத் தாண்டித் தெருவில் இறங்குகிறது. ஸ்கூட்டர் ஏற்ற ஒரு சரிவு வேறு! அவர் உயர்த்தியதும் தண்ணீர் எதிர்வீட்டுக்குப் போகிறது. எதிர்வீட்டுக்காரர் இன்னும் அரை அடி கூட உயர்த்துகிறார். போட்டியில் தெரு வாய்க்கால் ஆகிறது.

இதைத் தடுக்கத்தான் 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு ஓர் உத்தரவு போட்டார். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும். ரோட்டு மட்டம் உயரக்கூடாது. வீடுகளுக்குள் தண்ணீர் புகக்கூடாது என்பது அதன் சாரம். உங்கள் தெருவில் ரோலர் வந்து நிற்கும் அன்றைக்கு இதை ஞாபகம் வைத்துக் கேளுங்கள். ரோடு போட்ட பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்லை.

1920-லேயே வழி சொன்ன சட்டம்

தெருவுக்கு மேலே எதையும் நீட்டவே கூடாது என்று சட்டம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் வந்த 1920-ம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே இதற்கு வழி இருந்தது. 182-வது பிரிவு: தெருவில் நீட்டியிருப்பதை அகற்றும்படி வீட்டுக்காரருக்கு நோட்டீசு கொடுக்கலாம். அடுத்த 183-வது பிரிவு: வராந்தா, பால்கனி, சன்ஷேடு இவற்றைத் தெருவுக்கு மேலே நீட்டவும், வீட்டுக்குள் போகத் தேவையான படி கட்டவும், வாறுகால் மேல் மூடி போடவும் நகரசபை நிபந்தனையோடு லைசென்சு கொடுக்கலாம்!

அதாவது, படி கட்டுவது குற்றம் இல்லை. கேட்காமல் கட்டுவதுதான் குற்றம். கேட்டால், இத்தனை அடிதான், மூடி தூக்கிச் சுத்தம் செய்கிற மாதிரி இருக்கணும், வேண்டும்போது எடுத்துவிடணும் என்கிற மாதிரி நிபந்தனை போடலாம். மொத்தமாகக் காங்கிரீட்டு ஊற்றி அடைத்த வாறுகாலில் துப்புரவுத் தொழிலாளி எப்படிக் கையை விடுவார்? அடியில் அடைத்துக்கொண்டால் உடைத்துத்தான் ஆகணும். உடைத்தால் 'என் படியை உடைச்சிட்டான்' என்று அதற்கும் சண்டை.

அந்தச் சட்டத்தில் இன்னொரு நியாயமும் இருந்தது. முறைப்படி சம்மதம் வாங்கிக் கட்டியதை, அந்தக் கெடு முடியும் முன்பே நகராட்சி இடிக்கச் சொன்னால், நியாயமான நஷ்டஈடு கொடுக்க வேண்டும். காலாவதிச் சட்டப்படி உரிமை ஏற்படுகிற அளவுக்கு அது பழசு என்று நிரூபித்தாலும் அப்படியே. தெரு விஷயத்தில் அந்தக் காலம் 30 வருஷம். "எங்க தாத்தா கட்டின திண்ணை" என்று வாயால் சொன்னால் போதாது; கையில் காகிதம் வேண்டும்.

2023-ம் ஆண்டு ஏப்ரல் 13 முதல், 1998-ம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் 2023-ம் ஆண்டு விதிகளும் நடப்புக்கு வந்துவிட்டன. பழைய சட்டம் போயிற்று. பழைய லைசென்சு காகிதம் பரணில் எங்காவது கிடந்தால் மட்டும் தூக்கிப் போடாதீர்கள். சம்மதம் வாங்கித்தான் கட்டினோம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி கிடைக்காது.

எதற்குக் கேட்க வேண்டாம்?

சுண்ணாம்பு அடிக்க, பெயிண்டு அடிக்க, உதிர்ந்த பூச்சைப் பூச, தரையை மாற்றிப் போட, ஓடு மாற்ற யாரையும் கேட்க வேண்டாம். 2019-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளில் இந்த மாதிரி வேலைகளுக்கு விலக்கு உண்டு. சன்ஷேடுக்கும் உண்டு. ஆனால் அதில் ஒரு கொக்கி: உங்கள் சொந்த இடத்துக்குள் இருக்கணும். சுவர் முடிகிற இடத்தில் மனையும் முடிகிற வீட்டுக்கு, சன்ஷேடு ஒரு சாண் நீண்டாலும் அது தெருவுக்கு மேலேதான். பக்கவாட்டில் நீண்டால் அடுத்தவர் மனைக்கு மேலே.

முன் ரூமை எடுத்துவிட்டு 'ஷட்டர்' போட்டுக் கடை ஆக்குவது வெறும் முகப்பு வேலை இல்லை. குடியிருப்பு வணிகம் ஆகிறது. அனுமதி வேண்டும். வீட்டு வரியும் மாறும். இருக்கிற பால்கனியை நீட்டுவது, மாடியில் ரூம் எடுப்பது எல்லாமே அனுமதி வாங்க வேண்டிய வேலைகள். வீட்டுக்கு முன்னே எவ்வளவு இடம் விடணும் என்பது தெருவின் அகலத்தைப் பொறுத்து மாறும். கொத்தனார் கையைக் காட்டிச் சொல்கிற அளவு அதற்கு ஆகாது.

புதுசாக வீடு கட்டுபவர்களுக்கு 2024-ம் ஆண்டு ஜூலை 22-ல் சுயசான்றுத் திட்டம் வந்தது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டிடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் ஆன்லைனில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, உடனே அனுமதி எடுக்கலாம். முன்கூட்டி வந்து பார்க்க ஆபீசர் வரமாட்டார். சௌகரியம்தான். ஆனால் 'சுயசான்று' என்றால் என்ன? எழுதிக் கொடுத்தது பொய்யானால் மாட்டுவது எழுதிக் கொடுத்தவர்.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

"ஒண்ணும் ஆகாது, அபராதம் கட்டிச் சரிபண்ணிக்கலாம்" என்று டீக்கடையில் தைரியம் சொல்கிறவர்கள் ரெண்டு தீர்ப்பைத் தெரிந்துகொள்வது நல்லது.

2024-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி, புல்டோசர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. 15 நாள் நோட்டீசு கொடுக்காமல் எந்த வீட்டையும் இடிக்கக்கூடாது. இதைக் கேட்டு எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அதே தீர்ப்பில் உள்ள விதிவிலக்கு பலர் காதில் விழவில்லை. சாலை, தெரு, நடைபாதை, ரெயில் பாதையை ஒட்டிய இடம், ஆறு, நீர்நிலை ஆகிய பொது இடங்களில் அனுமதியின்றிக் கட்டியதற்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. தெருவில் இறங்கிய படி எந்தப் பட்டியலில் வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 2024-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி. உத்தரபிரதேச மாநிலம் மீரட்டில், குடியிருப்பு மனையில் கடைகள் கட்டிய வழக்கு. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் இருவரும் விசாரித்தார்கள். கட்டிப் பல வருஷம் ஆச்சு, பணம் நிறையப் போட்டாச்சு, அதிகாரிகள் சும்மா இருந்தார்கள் என்பதெல்லாம் சட்டவிரோதக் கட்டிடத்தை நியாயப்படுத்தாது என்று சொல்லிவிட்டார்கள். முன் ரூமைக் கடையாக்கியவர்கள் இதை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிக்கலாம்.

கரண்டுக்குக் கோர்ட்டு கிடையாது

நோட்டீசு கொடுக்காமல் தண்டிக்கிற ஒரு அதிகாரி உண்டு. மின்சாரம்!

தெருவோரக் கம்பம் முதலில் நட்டபோது வீடு ஓட்டு வீடு. கம்பி தள்ளி இருந்தது. வீடு மாடியாகி, பால்கனி மூணு அடி நீண்டதும் கம்பி கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டது. கம்பி இடம் மாறவில்லை, வீடுதான் கம்பியிடம் போனது. சாதாரண வீட்டு லைன் கட்டிடத்தில் இருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டராவது தள்ளி இருக்கணும். மேலே போனால் மொட்டை மாடியில் இருந்து 2.5 மீட்டர் உயரம் இருக்கணும். 11 ஆயிரம் வோல்ட்டு லைன் மேலே போனால் 3.7 மீட்டர். கம்பி தூக்குகிற கையாள், பெயிண்டு அடிக்கிறவர், ஈரத்துணி உலர்த்துகிற பெண், காத்தாடி விடுகிற பையன் என்று இதில் பலியாவது எல்லாம் ஏழைப்பட்ட உயிர்கள். கம்பியை மாற்ற மின்வாரியத்தில் மனு கொடுத்துப் பணம் கட்டணும். பால்கனிக்குக் கம்பி கட்டும் முன்பு செய்ய வேண்டிய வேலை அது.

அங்கே மட்டும் எப்படி?

வேடிக்கை என்னவென்றால், இங்கே கேட்காமல் கட்டுகிற குடும்பங்களில் பலருக்குச் சிங்கப்பூரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே அவர்கள் வாயைத் திறப்பதில்லை!

சிங்கப்பூர்வாசிகளில் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் குடியிருப்பது 'வீவக' என்று அங்குள்ள தமிழர்கள் சொல்லும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில். 1960-ல் தொடங்கிய கழகம் அது. அங்கே சொந்த வீடாகவே இருந்தாலும் உள்சுவரை இடிக்க அனுமதி வேண்டும். ஜன்னல் மாற்ற நினைத்தால் அங்கீகாரம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் மாற்ற வேண்டும். வெளிச்சுவர் பக்கம் கை வைக்கவே முடியாது. அது பொதுச் சொத்து. பெயிண்டு அடிப்பது நகர மன்றம்.

ஏன் இத்தனை கெடுபிடி? பத்தாவது மாடியில் ஒரு ஜன்னல் கழன்றால், விழுவது கீழே நடந்துபோகும் ஆள் தலையில். வெளியே திறக்கும் ஜன்னல்களில் இருந்த அலுமினிய ஆணிகளை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு ஆணி போட வேண்டும் என்று 2004-ல் கட்டாயம் ஆக்கினார்கள். மாற்றாவிட்டால் 5 ஆயிரம் வெள்ளி வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். பராமரிக்காமல் விட்டு ஜன்னல் விழுந்தால் 10 ஆயிரம் வெள்ளி, ஒரு வருஷம். வாசலுக்கு வெளியே நடைவழியில் செருப்பு அலமாரி வைத்தால்கூட, 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டுத்தான் வைக்க வேண்டும். தீப்பிடித்தால் ஜனங்கள் ஓட வேண்டுமே!

நம்ம முடுக்கில் தீப்பிடித்தால் பயர் சர்வீஸ் வண்டி எங்கே நிற்கும்? பிரசவ வலி எடுத்த பெண்ணை அழைத்துப் போக 108 ஆம்புலன்ஸ் எதுவரை வரும்? கட்டிலில் தூக்கி வந்து மெயின் ரோட்டில்தான் ஏற்ற வேண்டும். ஒரு படி ஒரு அடிதான். இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி, ஒரு பைக் நிறுத்தினால் அதற்கு ரெண்டு அடி. பத்து அடித் தெருவில் மிச்சம் ஆறு!

சென்னை, கோவையில் பிள்ளைகளுக்குப் 'பிளாட்டு' வாங்கிக் கொடுத்தவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1994-ம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டம் மாறி, 2022-ம் ஆண்டுச் சட்டம் 2024-ல் நடப்புக்கு வந்தது. பிளாட்டில் கதவுக்கு உள்ளேதான் ராஜ்ஜியம். பால்கனிக்குக் கம்பி வலை போடுவது, வெளியே ஏ.சி. பெட்டி மாட்டுவது, முகப்புக்கு வேறு கலர் அடிப்பது எதுவானாலும் சங்கத்தை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். மாடியில் ஷெட்டு போட நினைத்தால், மொட்டை மாடி எல்லாருக்கும் பொது என்பதை மறக்கக்கூடாது.

நகராட்சிக்கும் ஒரு கேள்வி

வீட்டுக்காரருக்கு இத்தனை சொன்னால் நகராட்சிக்கும் சொல்லணும். மத்திய பிரதேசம் ரத்லம் ஊரில், சாக்கடை கட்டித் தரவில்லை என்று ஜனங்கள் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சி கையில் பணம் இல்லை என்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1980-ல் நீதிபதி கிருஷ்ணய்யர், பணம் இல்லை என்று சொல்லி நகராட்சி கடமையில் இருந்து நழுவ முடியாது என்று தீர்ப்பளித்தார். அன்று அந்த ஜனங்கள் பயன்படுத்தியது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-வது பிரிவு. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதியில் இருந்து அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-வது பிரிவு. பொது வழியை அடைத்த படியானாலும் சரி, பொதுத் தொல்லையாகிவிட்ட வாறுகாலானாலும் சரி, ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம்.

படிக்கு லைசென்சு கேட்டு மனு கொடுத்தால் மாதக்கணக்கில் பதில் வராது என்பதுதான் ஜனங்களின் பொதுவான புகார். பதில் வராததால்தான் கேட்காமல் கட்டுகிறோம் என்கிறார்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு அவர்களே பொறுப்பு. ஏனென்றால் மனு கொடுத்த கையில் ரசீது இருப்பதில்லை.

போகும்போது பட்டா, பத்திரம், நகர நில அளவைப் பதிவேட்டு நகல், வீட்டு வரி ரசீது இத்தனையும் எடுத்துப் போங்கள். தெருவின் அகலம், வாறுகால் இருக்கிற இடம், படி எத்தனை அடி வெளியே வரும் என்பதை ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் எதிர்வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முடிந்தால் அதே தாளில் கையெழுத்து வாங்குங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லை, ஆனால் மழை நாளில் உதவும். மனுவைக் கொடுத்ததும் தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகைச் சீட்டு கேளுங்கள். "அதெல்லாம் வேண்டாம், போங்க, பார்த்துக்கலாம்" என்று ஜன்னலில் சொன்னால் ஜன்னலை விட்டு நகராதீர்கள். நகர்ந்தால், நேரே தபால் ஆபீசுக்குப் போய் அதே மனுவை ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் போடுங்கள்.